இறங்கும் காலில் இருக்கிறது விஷயம்

பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கருக்கு 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முட்டியில் அடிபட்டது. அறுவை சிகிச்சை, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் போச்சு. அவராவது மணலில் இறங்குகிறவர். அதே பாலக்காட்டு எலப்புள்ளிப் பக்கம் பந்தாடும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாந்தரைதான்.

முட்டியை அதிகம் சோதிக்கும் ஆட்டம் எது என்று கேட்டால் வலைப்பந்து என்பேன். நம் பக்கம் அதிகம் பரவவில்லை. இலங்கையில் பள்ளிக்குப் பள்ளி ஆடுகிறார்கள். 2018இல் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியின் தூண், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். உயரம் ஆறடி பத்தங்குலம். பார்க்கக் கூடைப்பந்து மாதிரிதான், ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தைப் பிடித்தவர் எந்தக் காலில் இறங்கினாரோ, அந்தக் காலைத் தூக்கலாம். பந்து கையைவிட்டுப் போகும்வரை மறுபடி ஊன்றக் கூடாது. அதற்கும் மூன்றே விநாடி. ஓடிவந்த வேகத்தை ஒற்றைக் கால் வாங்கிக்கொண்டு சட்டென்று நிற்க வேண்டும். அப்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு. விதியே முட்டிக்கு வினை!

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. பாதம் தரையைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லி விநாடியில் காரியம் முடிந்துவிடும். யோசித்துத் திருத்திக்கொள்ள நேரமில்லை. அதனால்தான் இறங்கும் பழக்கத்தை முன்கூட்டியே சோதிக்கிறார்கள்.

ஒரு சோதனைக்கு 30 செ.மீ. உயரப் பெட்டி போதும். அதன்மேலிருந்து தன் உயரத்தில் பாதி தூரம் முன்னால் குதித்து, இறங்கியதுமே மேலே எம்ப வேண்டும். முன்னாலும் பக்கவாட்டிலும் இரண்டு செல்போன்கள் படம் பிடிக்கும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: சிலருக்கு முட்டி மடங்காமல் விறைத்து நிற்கும், சிலருக்கு இரண்டு முட்டியும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கும். இந்தச் சாய்வுதான் கவலைக்குரியது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 205 வீராங்கனைகளைக் குதிக்கவைத்து அளந்தார்கள். பின்னர் ஜவ்வு கிழிந்த 9 பேருக்கு, இறங்கும்போது இந்தச் சாய்வு மற்றவர்களைவிட 8 டிகிரி அதிகமாக இருந்தது.

சமநிலைச் சோதனை இன்னும் மலிவு. தரையில் ஆங்கில ஒய் எழுத்துப்போல டேப் ஒட்டி, நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மூன்று திசையிலும் எட்டுமட்டும் நீட்ட வேண்டும். ஊன்றிய குதிகால் எழும்பினால் செல்லாது. நெட்டையானவருக்கு எட்டுவது இயல்பு என்பதால், நீட்டிய தூரத்தைக் கால் நீளத்தால் வகுத்துக்கொள்கிறார்கள். முன்பக்கம் நீட்டுவதில் இடது வலது வித்தியாசம் 4 செ.மீ. தாண்டினால் அந்தப் பிள்ளைமேல் ஒரு கண் வைக்கலாம்.

இன்னாருக்குத்தான் கிழியும் என்று எந்தச் சோதனையும் ஜோசியம் சொல்லாது. ஆகவே சோதனையில் பின்தங்கிய பிள்ளையை அணியிலிருந்து நீக்குவது அநியாயம். முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்க எல்லோருக்கும் பழக்கலாம். ஆஸ்திரேலிய வலைப்பந்து அமைப்பு இதை வார்ம்-அப்பிலேயே சேர்த்திருக்கிறது. சோதிப்பதென்றால் பயிற்சி முடிந்து களைத்த நேரத்திலும் ஒருமுறை சோதியுங்கள். தெம்பாக இருக்கும்போது யார்தான் ஒழுங்காக இறங்கமாட்டார்கள்?