மூச்சே இயக்கும் மருந்துக் கருவி

மாத்தளை மலைச்சாரலில் மிளகையும் கராம்பையும் செழிக்கச் செய்யும் ஈரக் காற்று, தொய்வு நோயுற்றோரின் மார்புக்கு எந்நாளும் இதமாயிருப்பதில்லை. குளிரும் பூஞ்சணமும் லயத்து அடுப்பின் விறகுப் புகையும் அவர்தம் மூச்சுக் குழாய்களைச் சுருங்கச் செய்வன. அந்நோய்க்குரிய மருந்தை நேரே நுரையீரலிற் சேர்க்கும் கருவிகளுள், மூச்சிழுப்பினால் இயங்குவதொன்றைப் பற்றி ஈண்டு நோக்குவோம்.

1956இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பம்ப்’, வாயுவின் அழுத்தத்தால் மருந்தைப் பீச்சுவது. கையால் அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒருசேர நிகழ்தல் பலர்க்கும் கடினமாயிற்று. 1960களில் வைத்தியர் ரொஜர் அல்தூனியன் வேறொரு வழி கண்டார். அவர் தாமும் தொய்வு நோயாளி. இரண்டாம் உலகப் போரில் விமானமோட்டப் பயிற்றியவர். அவரது ‘ஸ்பின்ஹேலர்’ கருவியில், நோயாளி இழுக்கும் காற்றே சிறு விசிறியொன்றைச் சுழற்றி, கப்சூலிலுள்ள தூளைச் சிதறச் செய்தது.

நம்மவர் பலர் பயன்படுத்தும் ரோட்டாஹேலரும் மூச்சின் விசையாலேயே இயங்குவது. பம்பின் மருந்தை மெதுவாக இழுத்தல் வேண்டும். இதனையோ விரைந்து இழுத்தல் வேண்டும். மெல்ல இழுப்பின் தூள் கருவியிலேயே தங்கிவிடும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று கைவிடுவோர் முதலிற் சோதிக்க வேண்டியது தம் இழுப்பையே.

கப்சூலைச் சதுரத் துளையிற் செருகிக் கருவியைத் திருகுக. நிமிர்ந்திருந்து, மூச்சைக் கருவிக்கு அப்பால் வெளிவிடுக. வாய்முனையை உதடுகளால் இறுகப் பற்றி, வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, 10 விநாடி அடக்குக. தூள் எஞ்சியிருப்பின் மீண்டும் இழுக்க. கப்சூலை விழுங்குதல் ஆகாது. ஸ்டீரொயிட் மருந்தாயின் வாய் கொப்பளித்துத் துப்புதல் வேண்டும்.

தூளுக்குப் பகை ஈரம். கருவியினுள் ஊதலாகாது. கப்சூல்களை மூடிய போத்தலில் வைத்து, உலர்ந்த கையால் எடுக்க. இரு வாரத்துக்கொரு முறையேனும் ரோட்டாஹேலரை இளஞ்சூட்டு நீரிற் கழுவி, முற்றாக உலர்ந்த பின்னரே பயன்படுத்துக. மழைக்காலத்தில் உலர நெடுநேரம் செல்லுமாதலின், மாற்றுக் கருவியொன்று வைத்திருத்தல் நன்று. வட்டு வடிவக் கருவியையோ நீரில் நனைக்கவே கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தல் போதும்.

தடுப்பு மருந்து உடன் சுகம் தருவதன்று. வைத்தியர் விதித்தபடி, மூச்சு முட்டாத நாளிலும் எடுத்தற்குரியது. பேச இயலாதவாறு மூச்சு முட்டும்போது, தூளை இழுக்கும் வலிமையும் குன்றிவிடும். அவ்வேளை, கையிலுள்ள நிவாரண மருந்தை எடுத்தவாறே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இளங்குழந்தைகளின் மூச்சுக்கும் அவ்விசை போதாது. அவர்களுக்கு ஏற்ற கருவியை வைத்தியரே தெரிவு செய்வார்.

அடுத்த முறை கிளினிக்குச் செல்லுங்கால் கருவியையும் எடுத்துச் சென்று, நாம் இழுக்கும் முறையை அங்கே இழுத்துக் காட்டுவோமாக. திருத்தம் பெறச் சில நிமிடங்களே போதும். அதன் பயனோ ஒவ்வோர் இரவின் உறக்கத்திலும் தெரியும்.