மல்லிகை விலைக்குத் தரை உண்டு, பிட்காயினுக்கு?

மார்கழிப் பனி விழுந்தால் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை வரத்து குறையும். அந்த நேரம் பார்த்துப் பொங்கலும் தை முகூர்த்தங்களும் வரும். கிலோ சில நூறு ரூபாய்க்குப் போன பூ ஆயிரங்களைத் தொடும். கோடையில் வரத்து பெருகி விலை இறங்கினால், மிஞ்சிய பூவைச் சென்ட் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளும். அகரம், தாடிக்கொம்பு பக்கத்து விவசாயிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே ஊரில் கைபேசியில் பிட்காயின் விலையைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பாதிதான் உதவும்.

பூ விலை ஏறினால் அடுத்த பருவத்தில் இன்னும் நாலு பேர் மல்லிகை நடுவார்கள். பிட்காயினில் அது நடக்காது. 2009 ஜனவரியில் தொடங்கிய அந்த வலையமைப்பு, மொத்தம் 2.1 கோடி காசுகளைத் தாண்டாதபடி எழுதப்பட்டது. விலை ஏறியதைப் பார்த்து, கணினிப் புதிரை அவிழ்த்துப் புதுக்காசு ஈட்டும் 'மைனிங்' வேலைக்குப் புதிய கணினிகள் எத்தனை வந்து குவிந்தாலும், 2,016 தொகுதிகளுக்கு (பரிவர்த்தனைப் பதிவுக் கட்டுகளுக்கு) ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிரின் கடினத்தை மென்பொருளே கூட்டிவிடும். உற்பத்தி பழைய வேகத்துக்கே திரும்பும். சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுக்காசு வரத்தும் பாதியாகிறது. 2024 ஏப்ரலில் ஒரு தொகுதிக்கு 6.25 என்பது 3.125 ஆனது. வரத்து விலைக்கேற்ப அசையாததால், தேவையின் ஒவ்வொரு அசைவும் நேரே விலையில் இறங்குகிறது.

தங்கத்தையும் நினைத்தவுடன் தோண்டி எடுக்க முடியாதுதான். ஆனால் அதை நகைக்கடைகளும் மத்திய வங்கிகளும் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. நம் ஊர்த் தங்க விலையை உலகச் சந்தை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததும், அன்றே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. பங்குக்கு நிறுவனத்தின் லாபம் இருக்கிறது, வங்கி வைப்புக்கு வட்டி இருக்கிறது. பிட்காயின் இரண்டையும் தராது. 'இதற்குக் கீழே போகாது' என்று கணக்குப்போட அதில் பிடிமானம் எதுவும் இல்லை.

அப்படியானால் விலையை எது நகர்த்துகிறது? முதலில், உலகில் புழங்கும் பணம். 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென்று உயர்த்தியது. பணவீக்கத்துக்குக் கேடயம் என்று புகழப்பட்ட பிட்காயின், அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளோடு சேர்ந்தே விழுந்தது. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலராக இருந்த விலை, பிட்காயின் போன்ற கிரிப்டோ காசுகளை வாங்கி விற்கும் எஃப்டிஎக்ஸ் சந்தை திவாலான 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே போனது.

அடுத்தது, அறிவிப்புகள். டெஸ்லா கார் வாங்க இனி பிட்காயின் செல்லாது என்று 2021 மே மாதம் ஈலான் மஸ்க் ட்விட்டரில் எழுதியதும், விலை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2024 ஜனவரியில், பிட்காயினையே நேரடியாக வாங்கி வைக்கும் இடிஎஃப்களை (பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதிகளை) அமெரிக்கா அனுமதித்தது. பெரிய முதலீட்டாளர்களின் பணம் உள்ளே வந்தது. அந்த டிசம்பரில் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

கடன் வாங்கி வணிகம் செய்வோர் இந்த ஆட்டத்தை இன்னும் பெரிதாக்குகிறார்கள். விலை சற்று இறங்கினாலே அவர்களின் காசுகளைச் சந்தை தானாக விற்றுவிடும். அந்த விற்பனை விலையை மேலும் கீழே தள்ளும்.

இந்தியாவில் இதற்கு மேல் வரிக் கணக்கும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. நஷ்டத்தை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு கிரிப்டோவில் ஒரு லட்சம் லாபமும் இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டமும் கண்டவர், கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், குறைந்தது 30,000 ரூபாய் வரி கட்டியாக வேண்டும்.