மாணவர் தேர்ந்த கலைத்தொகுப்பு: வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் நடைமுறை

முன்னுரை

பல்கலைக்கழகக் கலைத்தொகுப்புகள் பெரும்பாலும் இரு வழிகளில் வளர்கின்றன. புரவலர் நன்கொடையாக வருவன ஒருவகை. வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி வாங்கப்படுவன மற்றொருவகை. இரண்டிலும் மாணவருக்குப் பார்வையாளர் என்ற இடமே வாய்க்கிறது. இதற்கு விலக்காக, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 1963 முதல் சமகாலக் கலைப்படைப்புகளைத் தெரிவு செய்யும் பொறுப்பை மாணவரிடமே விட்டுள்ளது. இந்நடைமுறை இயங்கும் முறையையும் அது எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்

பாப்டிஸ்ட் திருச்சபைச் சார்புடன் 1834-இல் தோன்றிய இந்நிறுவனம் 1956-இல் வின்ஸ்டன்-சேலம் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1962-இல்தான் கறுப்பின மாணவர்க்குத் தன் கதவைத் திறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, மாணவர் நலனைக் கவனித்துவந்த புலமுதல்வர் மார்க் ரீஸ் முன்னின்று ஏற்பாடு செய்ய, மாணவரும் ஆசிரியரும் அடங்கிய சிறு குழு ஒன்று நியூயார்க் சென்று படைப்புகளை வாங்கி வந்தது. பிற்காலத்தில் இத்தொகுப்புக்கு ரீஸின் பெயரே சூட்டப்பட்டது. சமயச் சார்பும் தென்மாநில மரபும் கொண்ட ஒரு கல்லூரி, புத்தோவியங்களை வாங்கும் பணத்தை இளங்கலை மாணவரின் தீர்ப்பை நம்பிச் செலவிட்டது அக்காலத்தில் சிறிய துணிச்சல் அன்று.

தெரிவு முறை

நெடுங்காலம் இப்பயணம் நான்காண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடந்தது. இளங்கலைப் படிப்பின் காலமும் நான்காண்டே என்பதால், ஒவ்வொரு மாணவத் தலைமுறைக்கும் ஏறத்தாழ ஒரு வாய்ப்பு உறுதியாயிற்று. தெரிவுக்குழு மாணவர் பயணத்திற்குப் பல மாதங்கள் முன்பே கலைஞர்களையும் காட்சிக்கூடங்களையும் பற்றிப் படித்து, தமக்குள் வாதிட்டுப் பட்டியலிடுகின்றனர். பின்னர் நேரில் பார்த்து, கையிலுள்ள தொகைக்குள் முடிவெடுக்கின்றனர். உடன் செல்லும் ஆசிரியர் கருத்துரைக்கலாம்; இறுதிச்சொல் மாணவருடையது. வாங்கப்படும் காலத்தைப் படைப்பு உணர்த்த வேண்டும் என்பதே முதன்மை அளவுகோல்.

தமிழில் 'தேர்வு' என்னும் சொல் பரீட்சையையும் தெரிவையும் ஒருங்கே குறிக்கும். நம் கல்விக்கூடங்களில் மாணவர் பெரிதும் அறிந்தது முதற்பொருளை மட்டுமே. வேக் ஃபாரஸ்ட் குழுவினரோ இரண்டாம் பொருளில் தேர்வு செய்யும்போதே முதற்பொருளிலும் தேர்வு எழுதுகின்றனர் எனலாம். அவர்களின் விடைத்தாளைத் திருத்துவது காலம்.

அவ்விடைத்தாளில் பிக்காசோ, ஜாஸ்பர் ஜான்ஸ், அலெக்ஸ் காட்ஸ், கீத் ஹாரிங் ஆகியோர் படைப்புகள் உள்ளன. இவற்றினும் கருதத்தக்கது ராபர்ட் கோல்ஸ்காட்டின் ஓவியம். மேலைநாட்டு வரலாற்று ஓவிய மரபைப் பகடி செய்து நிறவெறியை அம்பலப்படுத்திய கறுப்பினக் கலைஞர் இவர். 1997-இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் அமெரிக்காவின் சார்பில் பங்கேற்றவர். 1962 வரை கறுப்பின மாணவரைச் சேர்க்காதிருந்த வளாகத்திற்கு இத்தகைய ஓவியம் மாணவர் விருப்பாலேயே வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க இயலவில்லை.

சிக்கல்கள்

ஓஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் எலன் ஜான்சன் 1940-இல் தொடங்கிய திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு மாணவர் மூலப்படைப்புகளைச் சிறு கட்டணத்திற்கு ஒரு பருவத்திற்கு இரவல் பெற்றுத் தம் அறையில் மாட்டிக்கொள்கின்றனர். அதற்காக இரவெல்லாம் வரிசையில் காத்திருப்பதும் உண்டு. அத்தெரிவு தவறினால் அடுத்த பருவத்தில் திருப்பித் தந்துவிடலாம். வேக் ஃபாரஸ்டில் தெரிந்தவர் ஓரிரு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுகின்றனர், படைப்போ நிலைத்துவிடுகிறது. கருத்துக் கேட்கப்படாத பின்வருவோரே அதனோடு வாழ வேண்டியவர்கள்.

வெற்றியும் ஒரு சிக்கலே. மாணவர் நடமாடும் இடங்களில் தொங்குவதற்காக வாங்கிய படைப்பின் மதிப்பு உயர உயர, காப்பீடும் காவலும் தேவைப்படுகின்றன. தாளில் அமைந்த அச்சோவியங்களைத் தொடர்ந்து ஒளியில் வைக்கவும் கூடாது. நன்றாகத் தெரிந்தெடுக்கப்பட்டவையே மாணவர் கண்ணினின்று முதலில் மறையும் நிலை இதனால் உருவாகிறது.

'மாணவர் தெரிவு' என்னும் தொடரையும் ஐயுற வேண்டும். எந்தக் கலைஞர் நியூயார்க் காட்சிக்கூடங்களில் இடம்பெறலாம் என்பதைச் சந்தை முன்னரே வடிகட்டிவிடுகிறது. எவரைப் படிக்கலாம் என்பதில் ஆசிரியரின் செல்வாக்கு உண்டு. எஞ்சிய எல்லைக்குள்ளேயே மாணவர் தெரிகின்றனர். ஆயினும் அவ்வெல்லைக்குள் ஒன்றை ஏற்று மற்றொன்றை விடுத்ததற்கான காரணங்கள் அவர்களுடையவை. ஆகவே இத்தொகுப்பை ஆராய்வோர்க்கு வாங்கப்பட்டவற்றின் பட்டியலைக் காட்டிலும், விவாதித்துக் கைவிடப்பட்டவற்றின் பட்டியலே மிகுதியாகப் பயன்படும்.