பனிக்காட்டுக் குடிலில் ஒரு குரல்

எல்லாவற்றையும் விட்டு எங்கேனும் சென்றுவிடலாம் என்று எண்ணாதவர் நம்மில் யார்? அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் அவ்வாறே சென்றார். இசைக்குழு கலைந்தது, காதல் முறிந்தது, உடலும் நலிந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில், விஸ்கான்சின் மாநிலத்தில் தந்தைக்குச் சொந்தமான வேட்டைக் குடிலை அடைந்து, குளிர்காலத்தைத் தனிமையில் கழித்தார். ஆல்பம் உருவாக்கும் திட்டம் ஏதுமில்லை. விறகு பிளந்தார், பிறகே பாடல்கள் பிறந்தன.

‘போன் ஈவேர்’ என்ற பெயரில் அவர் வெளியிட்ட ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’வில் ஒன்பது பாடல்கள். (பிரெஞ்சு மொழியில் ‘நல்ல குளிர்காலம்’ என்பதன் திரிபே அப்பெயர்.) உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் தம் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து சேர்ந்திசையாக்கியிருப்பது நம்மை மிகவும் ஈர்க்கிறது. ஆளில்லாக் காட்டில் துணைக்குப் பாட வேறு யார் இருந்தனர்? 2007இல் சொந்த முயற்சியில் சில நூறு பிரதிகளே வெளியாயின. மறு ஆண்டு இசை நிறுவனங்கள் அதனைப் பரவலாகக் கொண்டு சென்றன.