சைனஸ் அடைப்புக்கு வீட்டிலேயே உப்புத் தண்ணீர்: உப்பைவிட தண்ணீரைத்தான் கவனிக்கணும்

மார்கழி பிறந்துவிட்டால் கொரட்டூர் பக்கம் மருந்துக் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "அண்ணே, மூக்கு அடைச்சுக்கிட்டே இருக்கு, ஏதாச்சும் டிராப்ஸ் குடுங்க." ஒரு வாரம் கழித்து அதே ஆள் மறுபடி வந்து நிற்பார். "போட்டா ரெண்டு மணி நேரம் நல்லா இருக்குண்ணே, அப்புறம் முன்னைவிட மோசமா அடைக்குது."

அவர் சொல்வது சரிதான். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை சொட்டு மருந்துகள் மூக்கின் உள்ளே ரத்தக் குழாய்களைச் சுருக்கி உடனே வழிவிடும். நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் வீக்கம் திரும்பி வரும். பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் தூக்கமே வராது என்ற நிலை. அந்த இடத்தில்தான் யாராவது சொல்வார்கள்: "உப்புத் தண்ணி ஊத்தி மூக்கக் கழுவு, எல்லாம் சரியாயிடும்."

செய்யலாமா? செய்யலாம். ஆனால் வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் எத்தனை வகைத் தண்ணீர் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். இதில் எதை மூக்கில் விடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

'எனக்கு சைனஸ் இருக்கு'

சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. நெற்றியிலும், கன்ன எலும்பிலும், கண்களுக்கு இடையிலும், மூக்குக்குப் பின்னாலும் உள்ள 4 ஜோடி காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றின் வாசல்கள் சில மில்லிமீட்டர் அகலம்தான். உள்ளே சுரக்கும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் துடுப்பு போடுவதுபோலத் தள்ளித் தள்ளி மூக்குக்குக் கொண்டு வருகின்றன. சளிக் காய்ச்சலோ, ஒவ்வாமையோ வந்து மூக்கின் உட்சுவர் வீங்கினால் வாசல் மூடிக்கொள்ளும். சளி தேங்கும், முகம் கனக்கும், குனிந்தால் நெற்றி வலிக்கும்.

200 அடி சாலையின் தூசியும், தை பிறப்பதற்கு முந்தைய நாள் போகிப் புகையும் ஏற்கெனவே வீங்கிய மூக்குக்கு நல்லதல்ல. நம்மில் பலர் 'சைனஸ்' என்று சொல்வது உண்மையில் தூசி ஒவ்வாமையாகவே இருக்கும்.

உப்புநீர் உள்ளே போய் என்ன செய்கிறது? கெட்டிச் சளியை இளக்குகிறது. ஒட்டியிருக்கும் தூசி, மகரந்தம், கிருமி ஆகியவற்றை அடித்துக்கொண்டு வருகிறது. நுண்முடிகள் மறுபடி வேலை செய்ய வழி கிடைக்கிறது. சைனஸ் அறைக்குள்ளேயே தண்ணீர் போய்க் கழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம். அறுவை சிகிச்சை செய்து வாசலைப் பெரிதாக்கியவர்களுக்குத்தான் ஓரளவு உள்ளே போகும். மற்றவர்களுக்கு மூக்கின் உட்பகுதி சுத்தமாகும், வாசலில் உள்ள அடைப்பு விலகும்.

ஆவி பிடிப்பதைவிட மேலா?

நம் வீடுகளில் முதல் வைத்தியம் ஆவி பிடிப்பதுதான். நொச்சி இலை, மஞ்சள், போர்வை. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தபோது, வேண்டாம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது அந்த நம்பிக்கை.

இங்கிலாந்தில் அடிக்கடி சைனஸ் தொல்லை வரும் 871 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2016-ல் கனடா மருத்துவ சங்க இதழில் வெளியானது. மூக்கைக் கழுவியவர்களுக்குப் பெரிதாக இல்லாவிட்டாலும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆவி பிடித்ததால் சைனஸ் தொல்லை குறையவில்லை. பிடிக்கும் நேரத்தில் இதமாக இருக்கும், அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது ஆவி பிடிப்பதில் உள்ள நிஜமான ஆபத்து.

நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீரால் கழுவுவதை, 2020-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கிறது. ஆக இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. யோகாவில் ஜலநேதி என்று சொல்வதும் இதே வேலைதான், குவளை மட்டும் வேறு. அதற்காக அற்புத மருந்து என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தத் தண்ணீர்?

2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் மூளைக் காய்ச்சலில் இறந்தார்கள். இருவரும் குளத்திலோ ஏரியிலோ குளித்தவர்கள் இல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரை நேதிக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா அவர்களின் மூளைக்குப் போயிருந்தது. சோதித்தபோது அது இருந்தது ஊர் முழுக்கப் போகும் பொது நீரில் அல்ல, அவரவர் வீட்டுக் குழாய்களில்.

2024-ல் டெக்சாஸில் 71 வயதுப் பெண் ஒருவர் இதேபோல இறந்தார். அவர் மூக்கில் விட்டது, முகாமில் நிறுத்தியிருந்த ஒரு வேனின் தொட்டித் தண்ணீர்.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் வரும். மூக்கின் உச்சியில் மணம் அறியும் நரம்புகள், சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அமீபாவுக்கும் அதுவே பாதை. வந்துவிட்டால் நூற்றில் 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. மிக மிக அபூர்வமான நோய் என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஆனால் 2024, 2025 ஆண்டுகளில் பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து, கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட வேண்டி வந்த பிறகு, 'அதெல்லாம் அமெரிக்காவுல' என்று தள்ளிவிட முடியாது.

இந்த அமீபாவுக்குப் பிடித்தது வெதுவெதுப்பான நன்னீர். 46 டிகிரி வரைகூட வளரும். இப்போது சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது கழுவினோம்? தரையடி சம்ப்பின் மூடியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து இந்த ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள். ஏரித் தண்ணீர் பற்றி அவ்வளவு விழிப்பாக இருப்பவர்கள் சொந்த வீட்டுத் தொட்டியை மறந்துவிடுகிறோம்.

"கேன் தண்ணிதானே, சுத்தமாத்தானே இருக்கும்?" என்று கேட்பார்கள். குடிக்கத் தகுந்தது என்றால் கிருமியே இல்லாதது என்று அர்த்தமில்லை. கேன் எத்தனை கை மாறி வந்தது, வெயிலில் எவ்வளவு நேரம் நின்றது, கவிழ்த்து வைக்கும் பானையை எப்போது தேய்த்தோம் என்பதெல்லாம் இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீருக்கும் இதே பதில்தான். கொதிக்க வையுங்கள்.

இன்னொரு தவறும் நடக்கிறது. 'டிஸ்டில்ட் வாட்டர் நல்லது' என்று எங்கோ படித்துவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் கேனை எடுத்து வந்துவிடுகிறார்கள். அது பேட்டரிக்கு மட்டும்தான். உடம்புக்குள் விடுவதற்காகத் தயாரித்தது இல்லை.

உப்பு போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும் என்பதும் சரியில்லை. மூக்குக்கு இதமாக இருக்கும் அளவு உப்பு அமீபாவை ஒன்றும் செய்யாது. கொதிதான் கொல்லும்.

எப்படிச் செய்வது?

அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் எடுத்து, மூடிய பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். டீக்குப் போடுகிற மாதிரி ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கக் கூடாது. தளதளவென்று பொங்கிக் கொதிக்க ஆரம்பித்த பிறகு குறைந்தது 1 நிமிடம். 3 நிமிடம் விட்டால் இன்னும் நிம்மதி. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் 3 நிமிடம் கட்டாயம், உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மூடியபடியே ஆற விடுங்கள். பச்சைத் தண்ணீர் கலந்து விளாவக் கூடாது. அந்த ஒரு டம்ளரில் செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

உடம்பின் உப்புத்தன்மை 0.9 சதவீதம். அதாவது அரை லிட்டருக்கு 4.5 கிராம். 5 மில்லி அளவு ஸ்பூனில் தலை தட்டிய தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். எனவே அரை லிட்டருக்கு முக்கால் ஸ்பூன் உப்பு, கூடவே கால் ஸ்பூன் சமையல் சோடா. சோடா எரிச்சலைக் குறைக்கும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். கிணற்றில் குதிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் சுரீர் என்று எரியுமே, உப்பில்லாத தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான் எரியும். உப்பு ரொம்பக் கூடினாலும் எரியும்.

அயோடின் இல்லாத உப்பு நல்லது என்பார்கள். நம் கடைகளில் சமையலுக்கு விற்கும் உப்பு அயோடின் கலந்தே வரும், சட்டம் அப்படி. சிலருக்கு அதில் லேசாக எரிச்சல் வரலாம், பலருக்கு ஒன்றும் தெரியாது. அளப்பதும் கொதிக்க வைப்பதும் தொல்லை என்றால், மருந்துக் கடையில் மூக்கு கழுவுவதற்கான பொடிப் பாக்கெட் கிடைக்கும். அதையும் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்கணும். அல்லது குளுக்கோஸ் பாட்டில் மாதிரி வரும் நார்மல் சலைன் 0.9 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம், அது ஏற்கெனவே கிருமி நீக்கியது. திறந்த பாட்டிலையும், வீட்டில் கலந்த தண்ணீரையும் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேல் பக்கத் துவாரத்தில் மெதுவாக விடுங்கள். வாயால் மூச்சு விடணும். மறு துவாரம் வழியாகவோ வாய் வழியாகவோ தண்ணீர் வரும், துப்பிவிடலாம். அந்த நேரத்தில் பேசவோ விழுங்கவோ வேண்டாம், காதுக்குப் போய்விடும். முடிந்ததும் குனிந்து வடிய விட்டு, ஒவ்வொரு துவாரமாக மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்துவதுதான் காது வலியில் கொண்டுபோய் விடுகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொண்டால் தலையணை நனையாது. மருத்துவர் ஸ்பிரே எழுதியிருந்தால் முதலில் கழுவல், 10 நிமிடம் கழித்து ஸ்பிரே.

பாட்டிலைக் குழாயில் அலசிக் கவிழ்த்து வைத்தால் பழைய கதைதான். கொதித்த தண்ணீரால் அலசிக் காய வையுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

காது வலி, காதில் சீழ் இருப்பவர்கள், சமீபத்தில் மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. தண்ணீர் போகவே முடியாத அளவு அடைத்திருந்தால் பலவந்தமாக ஊற்ற வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு பாட்டில் கழுவல் கூடாது.

10 நாள் ஆகியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி காய்ச்சலோடு திரும்பினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல் என்றால் அன்றைக்கே போகணும். சர்க்கரை நோயாளிகளுக்கு மூக்கில் கறுப்பாகப் பொருக்கு கட்டினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 2021-ல் பார்த்த கறுப்புப் பூஞ்சை அப்படித்தான் தொடங்கியது.

மூக்கைக் கழுவிய ஒன்றிலிருந்து 12 நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் நேராக மருத்துவமனைக்குத்தான் போகணும். அங்கே மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், "மூக்குல தண்ணி விட்டுக் கழுவினேன், இந்தத் தண்ணிதான்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.