கல் பலகையில் குழாய்க்கும் வடிகாலுக்கும் துளையிடும் முறை

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பெற்ற பின்னர், நம் கிராமங்களில் கழிப்பறைகளும் குளியலறைகளும் பெருமளவில் எழும்பியுள்ளன. அவற்றின் தரைக்கும் சுவருக்கும் கல் பலகை பதிக்கும் வழக்கமும் உடன் வந்துள்ளது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியேனும், அதில் குழாய்க்கும் வடிகாலுக்கும் வழி திறப்பதில் காட்டுவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் குளியலறையில், வடிகால் துளையின் மூலையிலிருந்து விரல் நீளத்திற்கு ஓடியிருந்த விரிசலை நான் கண்டதுண்டு. ஓராண்டிற்குள் அது சுவர்வரை நீண்டது. கழிவுநீர் கல்லுக்கடியில் இறங்கித் தரை அமிழ்ந்தது. பழுது பார்க்கும்வரை அறை பூட்டிக் கிடந்தது. மாணவியர் பட்ட துன்பம் சொல்லத்தக்கதன்று. பிழை கல்லினுடையதா? அன்று, துளையினுடையது.

கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் வளைவையும் இழுப்பையும் தாங்காது. சதுரத் துளையின் கூரிய உள்மூலையில் இழுவிசை முழுவதும் ஒரு புள்ளியில் வந்து குவிகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கிறது. வெட்டும் சக்கரம் வட்டமானது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அடிப்பக்கம் மூலைவரை அறுபட வேண்டுமாயின், மேற்பக்கத்தில் சக்கரம் மூலையைத் தாண்டி ஓடியே தீரும். அந்த அதிகப்படி வெட்டே பின்னாளில் விரிசலாகிறது. ஆகையால், முதலில் நான்கு மூலைகளிலும் சிறு வட்டத் துளைகள் இட்டு, பிறகு அவற்றை இணைத்து அறுத்தல் வேண்டும். மூலை உருண்டையாய் இருந்தால் குறை ஒன்றுமில்லை. மேலே வரும் ஜாலி மூடி அதனை மறைத்துவிடும்.

வேலைக்கு முன்பு பலகையை நீரால் நனைத்து உலரவிட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருப்பின், மற்ற இடம் உலர்ந்த பின்னும் அங்கு ஈரக்கோடு நிற்கும். அத்தகைய பலகையில் துளையிடலாகாது. பின்னர் பலகையை மணற்படுக்கையின் மீது முழுதும் அழுந்தக் கிடத்த வேண்டும். இரண்டு செங்கல்லின் மேல் பாலம்போல் வைத்து அறுத்தால், முடியுந் தறுவாயில் முறிந்துவிடும்.

குழாய்த் துளைக்கு வைரத்தூள் பதித்த வட்டத் துளைப்பானே ஏற்றது. அரை அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். எனவே 25 முதல் 28 மில்லிமீட்டர் துளை போதுமானது. குழாயின் மூடுவளையம் அதனை மறைக்கிறதா என்று முன்னரே வைத்துப் பார்க்க வேண்டும். துளைக்கும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு வரம்பு கட்டி அதில் நீர் நிரப்புவது நம் கொத்தனார்கள் அறிந்த எளிய உபாயம். கருவியைச் சற்றே சாய்த்துத் தொடங்கி, பிறை வடிவில் பள்ளம் விழுந்தபின் நிமிர்த்த வேண்டும். தட்டித் துளைக்கும் விசையை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டுமே துளைத்தல் அவசியம். அடிப்பக்கம் நெருங்குகையில் கையழுத்தத்தைக் குறைக்காவிடில், பின்புறம் சில்லுச் சில்லாய்ப் பெயரும். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனமாதலால் விரைவில் இடங்கொடுக்கும்; கருங்கல்லுக்குப் பொறுமை வேண்டும். (கடப்பைக் கல் தரையை அமிலம் ஊற்றிக் கழுவுவோர் அக்கல்லையே தின்னக் கொடுக்கின்றனர் என்பதையும் இங்குச் சொல்லி வைக்கிறேன்.)

வட்டத் துளைப்பான் கிடைக்காத ஊரில், வட்டம் வரைந்து அதன்மேல் நெருக்கமாகச் சிறு துளைகள் இட்டு, நடுக்கல்லை உளியால் மெல்லத் தட்டி எடுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பலகை பிழைக்கும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது தொழிலாளியின் மூச்சு. கருங்கல்லை உலர அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அதனைக் குணப்படுத்த மருந்து இல்லை. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது இதற்குக் காப்பாகாது. நீர் விட்டு அறுத்தலும், நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் இன்றியமையாதவை. நீரும் மின்சாரமும் ஒன்றுசேரும் வேலையாதலின், மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இல்லாத இடத்தில் கருவியை ஓட்ட விடலாகாது. முகக்கவசத்தின் விலையை மதிப்பீட்டிலேயே சேர்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்க வேண்டும், கொத்தனார் கேட்கமாட்டார்.

பலகை பதித்த பின், துளையைச் சுற்றி விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுந்தால் அடியில் சாந்து நிறையவில்லை. அப்பொழுதே பெயர்த்து நிரப்பச் சொல்லலாம். பிறகு தரையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கும் தேங்காமல் வடிகாலில் இறங்குவதைக் கண்ட பின்னரே அளவைப் புத்தகத்தில் கையெழுத்திடுங்கள்.