பாலாவது குடிக்கிறதே!

குழந்தை மருத்துவரின் அறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “சோறுன்னாலே வாயைத் திறக்க மாட்டேங்குறான் டாக்டர். ஏதோ பாலாவது குடிக்கிறானேன்னு குடுத்துக்கிட்டிருக்கோம்.” எவ்வளவு என்று கேட்டால், விடிந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, தூங்கவைக்க ஒன்று, நடுராத்திரி சிணுங்கினால் இன்னொன்று என்று கணக்கு ஒரு லிட்டரைத் தொடும். மருத்துவர் பிள்ளையின் கீழிமையை லேசாக இழுத்துப் பார்ப்பார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும். பிள்ளை என்னவோ கொழுகொழுவென்றுதான் இருப்பான். அதனாலேயே வீட்டில் யாருக்கும் ரத்தசோகை என்ற சந்தேகம் வருவதில்லை.

பாலை ‘வெள்ளை விஷம்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கால்சியத்துக்கும் புரதத்துக்கும் நல்ல உணவு அது. ஆனால் மிஞ்சிப்போனால், மற்ற உணவு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

பாலில் இல்லாத இரும்பு

ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 7, 8 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பதோ ஏறக்குறைய அரை மில்லிகிராம். அது போதாதென்று, பாலிலுள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் பிற உணவில் வரும் இரும்பையும் குடல் முழுமையாக உறிஞ்சவிடாது. ஒரு வயதுக்குள் பசும்பால் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசிவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பாலால் வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பசி எடுக்காது. பசிக்காததால் சாப்பிடாது, சாப்பிடவில்லையே என்று மறுபடியும் பால்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். இதற்கெல்லாம் பால்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மண், சாக்பீஸ், பச்சரிசி என்று கண்டதை எடுத்துத் தின்னும் பிள்ளை, ஓடியாடாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளை, மலச்சிக்கலால் முக்கி அழும் பிள்ளை என்றால் பால் கணக்கையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வயதுவரை பசும்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம். அதற்குப் பிறகு நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளருக்கு மாற்றினாலே பாதிப் பால் தானாகக் குறையும். முதல் இரண்டு மூன்று நாள் அடம் இருக்கும். பசி வந்ததும் பருப்புச் சோறு உள்ளே போகும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் பாலைக் குறைத்தால் மட்டும் போதாது, இரும்பு மருந்தும் வேண்டும்.

பெரியவர்களின் வயிறு

பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, உலகில் பெரும்பாலோருக்குப் பால்குடி மறந்தபின் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும்போது உப்புசம், இரைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இவர்களில் பலருக்கு ஒரு டம்ளர் பால் ஒன்றும் செய்யாது. மூன்று டம்ளர்தான் படுத்தும். தயிரில் கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் மோர்சாதம் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது.

ஆரஞ்சு பாக்கெட் கணக்கு

ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காபி கள்ளிச்சொட்டாக இருக்க வேண்டுமென்று ஆரஞ்சு வாங்குகிறவர் நாளுக்கு அரை லிட்டர் குடித்தால், சுமார் 30 கிராம் கொழுப்பு உள்ளே போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 22 கிராம். வெண்பொங்கல் நெய், பனீர் பட்டர் மசாலா, ஐஸ்கிரீம் எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. எல்.டி.எல். கொழுப்பு ஏறியிருப்பவர் முதலில் பாக்கெட்டின் நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது பாலும் தயிருமாக நாளுக்கு 300 மில்லிதான்.

மாத்திரையோடு பால் வேண்டாம்

கர்ப்பிணிகள் பலர், வயிற்றைப் புரட்டாமலிருக்க இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்குகிறார்கள். மாத்திரை வீணாகிவிடும், தண்ணீரோ எலுமிச்சை ஜூஸோ நல்லது. தைராய்டு மாத்திரை, டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவையும் கால்சியத்தோடு சேர்ந்தால் சரியாக உடலில் ஏறாது.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பாலிலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் சுமை. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கல் விஷயம் வேறு. கல் வந்ததும் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்திவிடுவார்கள். உணவிலுள்ள கால்சியம், கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுவதால், நிறுத்துவதுதான் கல்லுக்கு வழி விடும்.